நாற்பது பேருக்குக் காய்ச்சல்

ஒரு சார்ஜருக்குப் பதினோரு விநாடி. ஒயரை மடித்துச் சுற்ற வேண்டும், ரப்பர் வளையத்தை மாட்ட வேண்டும், அட்டைப்பெட்டியின் குழியில் அமுக்கி பெல்ட்டில் தள்ளிவிட வேண்டும். பன்னிரண்டாவது விநாடி அடுத்த சார்ஜர் மூக்குக்கு நேரே வந்து நிற்கும். கிருஷ்ணவேணி ஆறு வருஷமாக இதைத்தான் செய்கிறாள். சாப்பாட்டு மணி அடித்ததும், காலையில் வாசலில் கூடையில் போட்ட செல்போனைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். பதினாலு மிஸ்டு கால். பதினாலும் ஒரே ஆள், சேர்மன் வீட்டுக்காரர் விமல்ராஜ்.

மூன்றாவது படிக்கிற மகள் பள்ளிக்கூடத்தில் விழுந்துவிட்டாளா, ஷேர் ஆட்டோ ஓட்டுகிற புருஷன் பழனி எங்காவது கவிழ்ந்துவிட்டானா என்று பதறிக்கொண்டே நம்பரை அமுக்கினாள்.

"இன்னாண்ணா, வீட்ல எதுனா...?"

"வீடெல்லாம் நல்லாத்தாம்மா இருக்குது. நீ ஒண்ணு சொல்லு. நம்ம ஊர்ல வேலவெட்டி இல்லாம சும்மா குந்திக்கினு இருக்கிற பொண்ணுங்க எத்தினி பேரு?"

"இதுக்கா பதினாலு தடவ அடிச்ச?"

"பொது விஷயம்மா. உனுக்கு எங்க புரியப் போவுது."

நெல்வாய்ப்பாக்கம் பேரூராட்சிக்குச் சேர்மன் மஹாலட்சுமி. காகிதத்தில் கையெழுத்து அவளுடையது. கார், மைக், மாலை, மேடை, வாய் எல்லாம் புருஷன் விமல்ராஜுடையது. ஊரில் இரண்டு பேரையுமே சேர்மன் என்றுதான் கூப்பிடுவார்கள். காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கை தாண்டிப் பாலாற்றைக் கடந்தால் அரை மணியில் வருகிற இந்த ஊருக்கு ஒரு கம்பெனியைக் கொண்டுவந்தே தீருவேன் என்று சொல்லித்தான் பெண்டாட்டிக்கு ஓட்டு வாங்கினார். சொன்னதோடு நிற்காமல் பளபளவென்று ஒரு புத்தகமும் அடித்துவிட்டார், பதினாறு பக்கம். 'வற்றாத நீர்வளம்' என்று போட்டு, வெள்ளம் வந்த வருஷத்துப் பாலாற்றுப் படம். இப்போது அங்கே பசங்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். 'தடையற்ற மின்சாரம்' என்ற பக்கத்தை அச்சகத்தில் சரிபார்த்தபோது கரண்ட் போய் மெழுகுவத்தி வைத்துப் பார்த்தார்கள். கடைசிப் பக்கத்தில் 'வேலைக்குத் தயாராக நானூறு இளம் பெண்கள்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

அந்தப் புத்தகத்தை எழுபது கம்பெனிகளுக்கு அனுப்பியதில் ஒன்றே ஒன்று பதில் போட்டது. இயர்போன் செய்கிற கம்பெனி. வருகிற வியாழக்கிழமை நேரில் வருகிறோம், இடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வேலைக்குத் தயாராக இருக்கும் பெண்களைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

விமல்ராஜ் காலையிலேயே தெருத் தெருவாகப் போய்ப் பார்த்துவிட்டார். பகல் பதினோரு மணிக்கு ஊரில் ஆடுகள் இருந்தன. ரேஷன் கடை வாசலில் நாலு பென்ஷன்காரர்கள் இருந்தார்கள். நெசவுத் தெருவில் எட்டிப் பார்த்தால், தறியிலிருந்து தலையைத் தூக்காமலே தையல்நாயகி, "கல்யாணப் பொடவ ஓடிக்கினு இருக்குது, சாயந்தரமா வாப்பா" என்று அனுப்பிவிட்டாள். ஏனாத்தூர் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பரீட்சையாம். விடிவதற்குள் ஏழு கம்பெனி பஸ் வந்து ஊரை வழித்துக்கொண்டு போய்விடுகிறது, வேலையில்லாதவர் என்று காட்ட ஒரு ஆள் மிச்சமில்லை.

"வேல இல்லாதவங்களே இல்லாத ஊருக்கு எவன்மா கம்பெனி குடுப்பான்?" போனிலேயே புலம்பினார் விமல்ராஜ்.

"அதுக்கு நான் இன்னாண்ணா பண்றது?"

"ஒரே ஒரு நாள் வேல இல்லாம இரேன். உங்க லைன்ல நம்ம ஊர்ப் பொண்ணுங்க நாப்பது பேர் இருக்கீங்க இல்ல? அப்படியே இட்டுக்கினு வந்துடு."

"ஐயோ, ஆளை விடுண்ணா!"

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. ஆறு வருஷமும் அவள் காண்ட்ராக்ட் ஆள். கம்பெனி வாசலுக்கு உள்ளே வேலை, பெயர் மட்டும் வாசலுக்கு வெளியே. ஏஜெண்ட் கைலாசம் பாஸ் கொடுத்தால் உண்டு, பிடுங்கினால் இல்லை. இந்த வருஷம் முதல்முறையாகப் பத்துப் பேரைக் கம்பெனியின் சொந்த ஆட்களாக எடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். மூன்று மாதம் ஒரு நாள்கூட லீவு போடாதவர்களுக்குத்தான் இடம். அதற்குப் பிறகு ஒரு போன் காலில் யாரும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. காலில் ஆணி குத்தியபோதும் நொண்டிக்கொண்டே வந்து அவள் நாளைத் தள்ளியிருந்தாள். இன்னும் ஒன்பது நாள்தான் பாக்கி.

"அந்தக் கம்பெனி இங்க வந்துதுன்னா நீதான் சூப்பர்வைசர்" என்றார் விமல்ராஜ். "வேணும்னா லெட்டர் பேட்ல எழுதியே தரேன். நடந்தே வேலைக்குப் போலாம்மா, நடந்தே!"

சூப்பர்வைசர் அவள் காதில் விழவேயில்லை. நடந்தே என்பதுதான் விழுந்தது. சாயங்காலம் பஸ்ஸில் ஐம்பத்தெட்டு கிலோமீட்டரும் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். காலை நாலே முக்காலுக்கு அவள் பஸ் ஏறும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். ஓவர்டைம் முடித்து வரும்போது வீட்டுப்பாட நோட்டின் மேலேயே தூங்கியிருப்பாள். தன் தலையைத் தானே வாரிக்கொண்டு போகிற பிள்ளைக்கு வகிடு நெற்றியில் ஆரம்பித்துக் காதில் போய் முடியும். நடந்து போகிற தூரத்தில் வேலை இருந்தால் ஒரு ஆறு மணி வரை தூங்கலாம், மத்தியானம் வீட்டுக்கு வந்து சூடாக ஒரு வாய் சாப்பிடலாம். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒரு நாள்தானே?" என்றான் பழனி. "மனுசிக்குக் காய்ச்ச வராதா?"

காய்ச்சலுக்கு வழி இருந்தது. டாக்டர் சீட்டு கொண்டுவந்தால் அது லீவுக் கணக்கில் வராது என்று கைலாசமே ஒருமுறை சொல்லியிருக்கிறார். கிருஷ்ணவேணி யோசித்து யோசித்து, கடைசியில் துணிந்துவிட்டாள். அவள் சரி என்றதும் மற்ற முப்பத்தொன்பது பேரும் சரி என்றார்கள். கடைத்தெரு டாக்டர் ஒரே நாளில் நாற்பது காய்ச்சலை எழுதி, சீட்டுப் புத்தகம் தீர்ந்துபோய் ஏழு பேருக்கு மருந்து கம்பெனி கொடுத்த நாள்காட்டியின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்.

லைனிலேயே சின்னவள், பன்னிரண்டாவது படித்த பிரியதர்ஷினி, கைலாசத்துக்கு அனுப்ப வேண்டிய செய்தியை அழகாகத் தயாரித்தாள். 'மதிப்பிற்குரிய சார், எனக்குக் கடுமையான காய்ச்சல். இன்று மட்டும் வர இயலாது. இப்படிக்கு, பெயர்...' என்று புள்ளி வைத்து, பெயரை நிரப்பி அனுப்பிக்கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் தட்டிவிட்டாள். வியாழக்கிழமை காலை நாலரைக்கு நாற்பது செய்தியும் கைலாசத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் பதினொரு பேருக்குப் பெயர் புள்ளியாகவே இருந்தது.

அன்றைக்குக் கிருஷ்ணவேணி மகளுக்கு எண்ணெய் வைத்து, நேர்வகிடு எடுத்து, இரட்டை ஜடை போட்டுவிட்டாள். பிள்ளை கண்ணாடியை விட்டு நகரவில்லை. "நாளைக்கும் உனுக்குக் காய்ச்சலாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் கிளம்பினாள்.

ஒன்பது மணிக்குக் கல்யாண மண்டபத்துக்கு நாற்பது பேரும் வந்து நின்றதைப் பார்த்து விமல்ராஜ் தலையில் கைவைத்துக்கொண்டார். அவர் 'நீட்டா வாங்க' என்று சொல்லியனுப்பியிருந்தார். காஞ்சிபுரத்துப் பக்கம் நீட்டாக வருவதென்றால் என்ன அர்த்தம்? நாற்பது பேரும் கல்யாணப் பட்டுப் புடவையில் வந்திருந்தார்கள். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து என்று மண்டபமே ஜொலித்தது. தலையில் முழம் முழமாக மல்லி.

"வேல இல்லாத ஏழைப் பொண்ணுங்கன்னு எழுதியிருக்கேன், நீங்க சாமி ஊர்வலத்துக்கு வந்தாப்பல வந்துக்கினு இருக்கீங்களே! வேல இல்லாதவங்க மாதிரி இருக்க வேணாமா?"

"வேல இல்லாதவங்க எப்பிடிண்ணா இருப்பாங்க?" என்று பிரியதர்ஷினி நிஜமாகவே கேட்டாள். "நாங்க யாரையும் பாத்ததே இல்லியே."

விருந்தாளிகள் ஒன்பதரைக்கு வர வேண்டியவர்கள். பத்தரைக்குப் போன் செய்தால் காமாட்சியம்மன் கோயிலில் இருந்தார்கள். "சாமி கும்பிட்டுட்டு வராங்க, நல்ல சகுனம்" என்றார் விமல்ராஜ். பதினொன்றரைக்குச் செய்தால் பட்டுக்கடையில் இருந்தார்கள். அதற்கு என்ன சகுனம் என்று அவர் சொல்லவில்லை. வேலை நாளில், பட்டப்பகலில், சும்மா உட்கார்ந்திருப்பது பெண்களுக்குப் புதுசாக இருந்தது. முதலில் கூச்சமாக இருந்தது, அப்புறம் பிடித்துவிட்டது. ஒருத்திக்கொருத்தி பேன் பார்த்தார்கள், புடவை விலை கேட்டார்கள், பத்துப் பேர் தலைக்குக் கையை வைத்துக்கொண்டு நாற்காலியிலேயே குறட்டை விட்டார்கள்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கார் வந்தது. பின்சீட்டு முழுக்கப் பட்டுக்கடைப் பைகள். இறங்கியவர் குமரகுரு, அந்தக் கம்பெனிக்கு ஆள் எடுக்கிற பெரிய அதிகாரி. நெற்றியில் குங்குமம், முகத்தில் சிரிப்பு, கழுத்தில் அடையாள அட்டை. சேர்மன் மஹாலட்சுமி சந்தனம், கற்கண்டு தட்டோடு நிற்க, விமல்ராஜ் சால்வை போர்த்தி, நாற்பது நிமிஷம் பேசுவதற்காக எழுதி வைத்த காகிதத்தை எடுத்தார். குமரகுரு அதற்குள் மைக்கைத் தானே வாங்கிக்கொண்டார். அரட்டையில் இருந்த கூட்டத்தைத் திருப்ப, எங்கே போனாலும் அவர் செய்வதைத்தான் இங்கேயும் செய்தார். கையை இரண்டு தடவை தட்டி, "குட் மார்னிங், லேடீஸ்!" என்றார்.

அவ்வளவுதான். நாற்பது நாற்காலியும் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. தூங்கிக்கொண்டிருந்தவளும் எழுந்தாள். கண் மூடித் திறப்பதற்குள் பத்துப் பத்தாக நாலு வரிசை, உயரப்படி, கைக்கெட்டும் இடைவெளி விட்டு. நாற்பது ஜோடிக் கைகள் நகம் தெரிய முன்னால் நீண்டன, திரும்பி உள்ளங்கையைக் காட்டின. வளையல்கள் கழன்று இடுப்புக்குள் போயின. பிரியதர்ஷினி, கூடை எங்கே என்று ஒரு நொடி தேடிவிட்டு, சேர்மன் கையிலிருந்த சந்தனத் தட்டைப் பிடுங்கிக்கொண்டு வரிசையில் ஓடினாள். ஒவ்வொருத்தியும் செல்போனை எடுத்துக் கற்கண்டின் மேல் போட்டாள். பிறகு நாற்பது தொண்டையும் சேர்ந்து கல்யாண மண்டபம் அதிர முழங்கியது: "தரமே நம் உயிர்! தவறு நடந்தால் நானே பொறுப்பு!"

நாற்பது பேரும் சேர்ந்து மூன்று கைதட்டல், மறுபடியும் கை நீட்டல்.

முதல் வரிசையில் கையை நீட்டியபடி நின்ற கிருஷ்ணவேணிக்குத்தான் முதலில் உறைத்தது. கம்பெனி வாசலில் தினமும் ஷிஃப்டுக்கு முன்னால் சூப்பர்வைசர் கைதட்டியதும் செய்வதை அப்படியே செய்திருந்தார்கள். காது மடல் சுட்டது. நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். விமல்ராஜ் முகத்தில் ஈயாடவில்லை.

"இது... இது எங்க ஊர் வழக்கம் சார்" என்றார். "விருந்தாளிக்குப் பண்ற மரியாத."

குமரகுரு விழுந்து விழுந்து சிரித்தார். அந்த நேரம் பார்த்துத் தட்டிலிருந்த ஒரு போன் அடித்தது. பிறகு பக்கத்துப் போன். அப்புறம் இன்னொன்று. எல்லாத் திரையிலும் 'கைலாசம் சார்' என்றே வந்தது. குமரகுரு அதை எட்டிப் பார்த்துவிட்டு, மேடையிலிருந்து இறங்கி கிருஷ்ணவேணிக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"எந்தக் கம்பெனிம்மா?"

"எந்தக் கம்பெனியும் இல்ல சார். சும்மாதான் இருக்கோம்."

"சரி, சும்மா எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?"

அவர் கோபப்படவில்லை. அது அவளுக்குத் தெம்பாக இருந்தது. இனி மறைத்து என்ன ஆகப் போகிறது, உள்ளதைச் சொன்னால் இரக்கப்பட்டாவது கம்பெனியை இங்கே கட்டுவார் என்று நினைத்தாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நாலே முக்கால் பஸ், ஐம்பத்தெட்டு கிலோமீட்டர், ஓவர்டைம், மகளின் வகிடு வரைக்கும் சொன்னாள்.

"லீவு போடுவீங்களா?"

"மூணு மாசமா ஒரு நாளு போடல சார். கால்ல ஆணி ஏறிச்சு, அப்பக்கூடப் போனேன்."

"எக்ஸலண்ட்" என்று சொல்லி அவர் குறித்துக்கொண்டார். நிஜமாகவே அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. நெல்வாய்ப்பாக்கத்தின் காலி நிலத்தைக் காரிலிருந்தே பார்த்தார், காஞ்சிபுரம் இட்லி நாலு சாப்பிட்டார், கிளம்பும்போது விமல்ராஜ் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்க ஊர்ப் பெண்கள் மாதிரி நான் பார்த்ததே இல்லை" என்றார். விமல்ராஜுக்கு வாயெல்லாம் பல். அந்தச் சந்தோஷத்திலேயே நாற்பது பேரையும் பட்டுப் புடவையோடு நிறுத்திப் படம் எடுத்து, 'நெல்வாய்ப்பாக்கத்தின் வேலையில்லாப் பெண்களைச் சந்தித்தார் தொழில் அதிபர்' என்று ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார்.

மறுநாள் பஸ் வழக்கம்போல வந்தது. வழக்கத்துக்கு மாறாகப் படியில் கைலாசம் நின்றுகொண்டிருந்தார். கிருஷ்ணவேணி சீட்டை நீட்டினாள். அவர் அதை வாங்காமல் தன் செல்போனை நீட்டினார். படத்தில் அவள் நடுவில், மாம்பழ மஞ்சளில், மல்லிப்பூவோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதான் உன் காய்ச்சலா?"

"சார், ஒரு நாளு தான் சார்..."

"நேத்து நாலாம் லைன் முழுக்க நின்னு போச்சு. கப்பல்ல ஏற வேண்டிய சரக்கு. நான் மேனேஜர் கால்ல விழாத கொறதான்." கைலாசத்துக்குக் கோபத்தைவிட அலுப்புதான் இருந்தது. "உங்க சேர்மனே எழுதியிருக்காரே, வேலையில்லாதவங்கன்னு. அப்புறம் எந்த வேலைக்கும்மா வந்து நிக்கறீங்க? பாஸைக் குடுங்க."

நாற்பது பாஸையும் ஒரு துணிப்பையில் வாங்கிப் போட்டுக்கொண்டார். பஸ் காலியாகப் போயிற்று. கம்பெனி ஆளாவதற்கு ஒரு வாரம்தான் பாக்கி இருந்தது. கிருஷ்ணவேணி வீட்டுக்கு வந்து, செய்வதற்கு ஒன்றும் தோன்றாமல், தூங்குகிற மகளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

விமல்ராஜ் பத்து நாள் அவர்கள் தெருப்பக்கமே வரவில்லை. பிரியதர்ஷினியின் அம்மா அவர் வீட்டுக்கே போய் விளக்குமாற்றைக் காட்டிவிட்டு வந்தாள். பதினோராவது நாள் அவரே துள்ளிக்கொண்டு ஓடிவந்தார். "வந்துட்டாரும்மா! குமரகுரு சார் வந்துட்டாரு! எல்லாரையும் மண்டபத்துக்கு வரச் சொல்லு!"

நாற்பதில் முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். ஒருத்தி பட்டுக்கடையில் புடவை மடிக்கப் போய்விட்டாள், ஒருத்தி தையல்நாயகி வீட்டில் நூல் சுற்றினாள். குமரகுரு மேஜை போட்டு, ஒரு கட்டு ஃபாரத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"கம்பெனி எப்ப சார் கட்டப் போறீங்க?" என்று கேட்டாள் கிருஷ்ணவேணி.

"அது இப்போதைக்கு இல்லைம்மா. ஐம்பத்தெட்டு கிலோமீட்டர் தினமும் வந்து வேலை செய்றீங்க, லீவே போட மாட்டேங்கறீங்க. அப்புறம் நாங்க எதுக்கும்மா இவ்வளவு தூரம் வந்து கட்டணும்?" குமரகுரு அதை ஒரு பாராட்டாகத்தான் சொன்னார். "எங்க பழைய ஃபாக்டரிக்கே உங்களை எடுத்துக்கறோம். கொஞ்சம் தள்ளி, எழுபத்திரண்டு கிலோமீட்டர். பஸ் நாலு மணிக்கு வரும். ஏசி பஸ்."

பழனி ஆட்டோவில் போன வாரம் பிஸ்டன் போயிருந்தது. மற்றவர்கள் வீட்டிலும் அவரவர்க்கு ஒன்று இருந்தது. கிருஷ்ணவேணி பேனாவை எடுத்தாள். பெயர், வயது, முகவரி எழுதினாள். 'முன் அனுபவம்' என்ற கட்டத்தில் ஆறு என்று எழுதப் போனபோது குமரகுரு பதறிக் கையைக் குறுக்கே வைத்தார்.

"அதுல இல்லைன்னு எழுதுங்கம்மா. இது ட்ரெயினிக்கான ஃபாரம். புதுசா வர்றவங்களுக்கு மட்டும்தான். அனுபவம்னு போட்டா கம்ப்யூட்டர் எடுக்காது."

"ஆறு வருசம் சார்."

"தெரியும்மா, நான்தான் நேர்லயே பார்த்தேனே. அதனாலதானே உங்களைத் தேடி வந்திருக்கேன்!"

பின்னாலிருந்து பிரியதர்ஷினி முதுகைத் தொட்டாள். "அக்கா, இந்தக் கட்டத்துல இன்னா எழுதணும்?" அவளுக்குப் பின்னால் முப்பத்தாறு பேர் பேனாவோடு கிருஷ்ணவேணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிருஷ்ணவேணி கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். பிறகு, "இல்லைன்னு எழுதுங்க" என்றாள். அவளும் குனிந்து எழுதினாள். முப்பத்தெட்டுத் தலைகள் ஒன்றாகக் குனிந்தன.

"முடிச்சிட்டீங்களா? ஒரு ஃபோட்டோ, ஒரே ஒரு ஃபோட்டோ!" விமல்ராஜ் செல்போனோடு நாற்காலி மேல் ஏறி நின்றார். பேனருக்கு வாசகம்கூட யோசித்து வைத்திருந்தார்: 'ஒரே நாளில் முப்பத்தெட்டுப் பேருக்கு வேலை.' "ஃபாரத்தைத் தூக்கிக் காட்டுங்கம்மா. இன்னும் மேல. இன்னும் கொஞ்சம்."

முப்பத்தெட்டு ஃபாரமும் மேலே எழுந்தன. திரையைப் பார்த்த விமல்ராஜ், "மூஞ்சியெல்லாம் மறைக்குதே" என்று ஒரு நொடி தயங்கினார். பிறகு, "பரவால்ல, ஃபாரம் நல்லாத் தெரியுது" என்று சொல்லிப் படத்தை எடுத்தார்.